வந்தால் தீட்டு! நின்றால் கேடா?

சென்ற சித்திரையில் திருவெறும்பூரில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு, திருச்சிக்குத் திரும்ப இரயிலடியில் நாம் காத்திருந்த சமயத்தில், அக்கூட்டத்திற்கு முன்னின்று உழைத்த தோழர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துக்கொண்டு போய், வெகுநேரம் தயங்கிவிட்டு ஒரு விஷயம் சொன்னார். அவர் பாய்லர் பாகங்களுக்கு வெல்டிங் செய்து கொடுக்கும் பட்டறைத் தொழிலாளி. அவருடைய மனைவியாருக்கு வயது 47. சில மாதங்களாக அந்த அம்மையாருக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறி வருகின்றதாம். இரவில் திடீரென்று எழுந்து, "முகமெல்லாம் காந்துது, நெஞ்சு படபடங்குது" என்று சொல்லிக்கொண்டு, ரவிக்கை முழுதும் வியர்வையில் நனைய, கொல்லைப்புறத்துத் துவைகல்லின் மேல் போய் உட்கார்ந்து விடுகின்றாராம். ஐந்து நிமிஷத்திற்கெல்லாம் குளிர் கண்டு நடுங்கிக்கொண்டு உள்ளே வருவாராம். ஓர் இரவில் இரண்டு தடவை, மூன்று தடவை இப்படியாகின்றதாம்.

இதற்கு அந்த வீட்டில் நடந்த வைத்தியங்கள் மூன்று. தோழரின் தாயார் இது செய்வினை என்று முடிவு செய்து, ஒரு குறிகாரனுக்கு 3,000 ரூபாய் கொடுத்து மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டினார். அண்டை வீட்டார் பித்தம் தலைக்கேறியதென்று சொல்லி, இன்னதைத் தின்னாதே, அன்னதைத் தின்னாதே என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாவதாக, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாத் தொல்லையும் தீர்ந்துவிடும், 60,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லி நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மையாரின் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கப் போகின்ற நிலையில், "ஐயா, நீங்க நாலும் படிச்சவங்க. எடுத்துடலாமுங்களா?" என்று நம்மைக் கேட்டார்.

உண்மையைச் சொல்லுவதற்கு நாம் வெட்கப்படவில்லை. நமக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை பெண்கள் விடுதலையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியவர்கள் நாம். தாலியைப் பற்றிப் பேசினோம், சொத்துரிமையைப் பற்றிப் பேசினோம், தீட்டைப் பற்றிக் கேலியாகப் பேசிக் கைதட்டல் வாங்கினோம். ஆனால் அந்தத் தீட்டு என்பது நின்று போகின்ற காலத்தில் ஒரு பெண்ணின் உடலில் என்ன நடக்கின்றது என்று நமக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. "இரண்டு வாரம் பொறுங்கள், சங்கிலியைக் கழற்ற வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். வந்ததும் விஷயமறிந்த டாக்டர்களைக் கேட்டோம், புத்தகங்களைப் புரட்டினோம். தெரிந்துகொண்டதைத் தோழர்கள் முன் வைக்கவே இந்தத் தலையங்கம்.

முதலாவது, இது நோயல்ல. ஒரு பெண் பருவம் அடைவது எப்படி உடலின் வளர்ச்சியோ, அப்படியே மாதவிடாய் நிற்பதும் உடலின் ஒரு கட்டமாகும். பெண்ணின் வயிற்றில் கர்ப்பப்பைக்கு இரு பக்கமும் சினைப்பைகள் இரண்டு உண்டு. அவற்றிலிருந்து ஈஸ்ட்ரோஜன் என்கின்ற சுரப்பு இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். பெண் பிறக்கும்போதே சினைப்பையில் இருக்கின்ற கருமுட்டைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்து, நாற்பதுகளின் நடுவிலோ ஐம்பதை ஒட்டியோ தீர்ந்து போகின்றன. அப்போது அந்தச் சுரப்பும் ஏறி இறங்கித் தடுமாறிக் கடைசியில் வற்றிவிடுகின்றது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று கணக்கு. மேல்நாட்டுப் பெண்களுக்கு இது பெரும்பாலும் ஐம்பது, ஐம்பத்தொன்றில் வருகின்றது. நம் நாட்டில் நாலைந்து வருஷம் முந்தியே வந்துவிடுகின்றது. நாற்பது வயதுக்கு முன்னமே நின்றுபோனால் மாத்திரம் அது சாதாரணமல்ல என்று கொண்டு அவசியம் டாக்டரிடம் போகவேண்டும்.

சரி, சூடு எங்கிருந்து வருகின்றது? இதைத் திருவெறும்பூர்த் தோழர்களுக்கு விளக்குவது வெகு சுலபம். 1960களில் இந்த ஊர்ப் பக்கத்தில் பெல் பாய்லர் தொழிற்சாலை வந்ததிலிருந்து பாய்லரைப் பற்றி இங்குள்ள பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பாய்லரில் நீராவி அளவுக்குமேல் போனால் திறந்துவிடுவதற்காக சேஃப்டி வால்வு என்று ஒன்று வைத்திருக்கின்றார்கள். அந்த வால்வின் ஸ்பிரிங் தளர்ந்து போனால் என்னவாகும்? நீராவி சாதாரண அளவில் இருக்கும்போதே வால்வு படாரென்று திறந்துகொண்டு சீறும். அதைப் பார்த்துவிட்டு "பாய்லர் வெடிக்கப் போகிறது" என்று எவனாவது ஓடினால் அவனுக்குத் தொழில் தெரியாதென்றுதானே சொல்லுவோம்?

நம் உடலிலும் அதைப் போன்ற ஒரு வால்வு, மூளையின் அடிப்பாகத்தில் ஹைப்போதலாமஸ் என்கின்ற இடத்தில் இருக்கின்றது. உடல் இவ்வளவு சூட்டுக்குமேல் போனால் வியர்க்க வேண்டும், இவ்வளவுக்குக் கீழே போனால் நடுங்க வேண்டும் என்று அது இரண்டு எல்லை வைத்திருக்கின்றது. ஈஸ்ட்ரோஜன் குறைகின்றபோது அவ்விடத்திலுள்ள சில நரம்பணுக்கள் தாறுமாறாகத் தூண்டப்பட்டு, அந்த இரண்டு எல்லைகளும் நெருங்கி வந்துவிடுகின்றன. ஆகவே உடலில் அற்ப சொற்பமாகச் சூடு ஏறினாலும், "ஆபத்து, சூட்டை வெளியேற்று" என்று மூளை உத்தரவு போட்டுவிடுகின்றது. உடனே தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. முகமும் கழுத்தும் சிவந்து காந்துகின்றன. இருதயம் படபடக்கின்றது. வியர்வை கொட்டுகின்றது. சூடு அளவுக்குமேல் வெளியேறிவிட்டபடியால் பிறகு குளிர் நடுக்கம் வருகின்றது. இவ்வளவும் சில நிமிஷ வேலை. இதில் செய்வினை எங்கே இருக்கின்றது? பித்தம் எங்கே ஏறியிருக்கின்றது?

உலகத்துப் பெண்களில் பலருக்கு இது ஓரளவுக்கு வரத்தான் செய்கின்றது. சிலருக்கு வந்ததே தெரியாது. சிலருக்கு வேலையையும் தூக்கத்தையும் கெடுத்து ஆளையே உருக்கிவிடுகின்றது. ஏதோ ஆறு மாதத்தில் போய்விடும் என்று சொல்லுவதும் சரியல்ல. அமெரிக்காவில் பல இனத்துப் பெண்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2015ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், அடிக்கடி இந்தச் சூடு வரப்பெற்றவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு வருஷத்துக்கு மேல் நீடித்தது என்று கண்டிருக்கின்றார்கள். ஏழு வருஷம் ஒரு மனுஷி சரியாகத் தூங்காமல் காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவதென்றால் அதன் அர்த்தமென்ன? அவள் எரிந்து விழுகின்றாள், மறந்து போகின்றாள், அழுகின்றாள் என்று குற்றம் சொல்லுகின்றவர்கள், தாங்கள் ஏழு நாள் அப்படித் தூங்காமலிருந்து பார்க்கட்டும்.

இனி நம் சமூகம் இதை நடத்துகின்ற யோக்கியதையைப் பார்ப்போம். மாதவிடாய் வருகின்ற காலமெல்லாம் பெண் தீட்டு. விளக்கேற்றக் கூடாது, ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது, கோவிலுக்குள் நுழையக்கூடாது. சபரிமலைக்குப் பத்து வயதிலிருந்து ஐம்பது வயது வரையிலுள்ள பெண்கள் போகக்கூடாதென்று வைத்திருந்த தடை செல்லாதென்று 2018ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னபோது எவ்வளவு கூச்சல் கிளப்பினார்கள் என்பதை நாடே பார்த்தது. சரி, இரத்தம் வருவதுதான் குற்றமென்றால், அது நின்ற பிறகாவது பெண்ணுக்கு மரியாதை உண்டா? அப்போது அவள் "ஓய்ந்து போனவள்", "உபயோகமற்றவள்", நல்ல புடவை கட்டினால் "இந்த வயதில் இது எதற்கு" என்று கேட்கப்படுகின்றவள். வந்தபோதும் குற்றம், நின்றபோதும் குற்றம்! இப்படிப்பட்ட வியாஜ்ஜியத்தில் பெண் எப்போதுதான் ஜெயிப்பது?

திருவெறும்பூர் மலைமேல் இருக்கின்ற எறும்பீசுவரருக்கு ஒரு புராணம் சொல்லுகின்றார்கள். தேவர்கள் எறும்பு வடிவெடுத்துப் பூசை செய்ய வந்தார்களாம். லிங்கம் வழுக்கியதாம். எறும்பு ஏறுவதற்கு வசதியாகச் சுவாமி தம்மைப் புற்று மண்ணாக்கிக்கொண்டு தலையையும் சாய்த்துக் கொடுத்தாராம். கதை கதையாகவே இருக்கட்டும். அதை உண்மையென்று நம்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகின்ற பக்த சிகாமணிகளை நாம் ஒன்று கேட்கின்றோம். எறும்புக்குக் கடவுள் தலையைச் சாய்த்தார் என்று மெச்சுகின்ற உங்கள் வீட்டில், பெற்ற தாய் வியர்த்துக் கொட்டி எழுந்து உட்காரும்போது ஒரு ஜன்னலைத் திறந்து விடுவதற்கு நீங்கள் எழுந்ததுண்டா?

நிற்க. "குறிகாரன் கயிறு கட்டிய பிறகு என் மருமகளுக்குக் கொஞ்சம் குறைந்ததே, அதற்கென்ன சொல்லுகிறாய்?" என்று அந்தத் தாயார் கேட்டதாகத் தோழர் சொன்னார். நியாயமான கேள்வி. அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. இந்தச் சூட்டுக்கான மருந்தைச் சோதிக்கும்போது, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுப்பார்கள். எது யாருக்கென்று அவர்களுக்குத் தெரியாது. அப்படி நடந்த பல சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து 2004ல் கணக்குப் பார்த்ததில், வெறும் மாத்திரை தின்றவர்களுக்கும் சூடு பாதிக்கு மேல் குறைந்திருந்தது! காரணமென்ன? இந்தத் தொல்லை தானாகவே ஏறும், இறங்கும். ஏறியிருக்கும்போதுதான் மனிதன் வைத்தியம் தேடிப் போகின்றான். இறங்குகின்ற முறை வந்ததும் கயிற்றுக்குப் பெயர் வந்துவிடுகின்றது. அன்றியும், நம்மை ஒருவர் கவனிக்கின்றார் என்கின்ற தைரியமும் ஓரளவு வேலை செய்கின்றது. அப்படியானால் அந்தக் கவனிப்பை வீட்டார் இலவசமாகக் கொடுக்கக் கூடாதா? 3,000 ரூபாய்க்குக் குறிகாரனிடம் ஏன் வாங்கவேண்டும்?

இந்த நியாயத்தைக் குறிகாரனோடு நிறுத்திக்கொள்ளுவது பக்ஷபாதமாகும். "இயற்கை மூலிகை, பக்கவிளைவே கிடையாது" என்று விளம்பரம் செய்து புட்டியில் அடைத்து விற்கின்றவர்களுக்கும் இதே கேள்விதான். சோயா, தண்ணீர்விட்டான் கிழங்கு முதலியவை இந்தச் சூட்டைத் தீர்க்கும் என்பதற்கு வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுத் திடமாக மெய்ப்பித்த சாட்சியம் போதாது. பஸ்பம், செந்தூரம் என்ற பெயரில் விற்கப்படுகின்ற சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்து குடித்தவர்களைக் கெடுத்ததும் உண்டு. பழமை என்பதற்காகக் கும்பிடுவது எப்படி மூடத்தனமோ, இயற்கை என்ற வார்த்தைக்காக வாயைத் திறப்பதும் அப்படியே.

மேல்நாட்டு வைத்தியம் என்பதற்காகவும் நாம் தலைவணங்க வேண்டியதில்லை. மெனோபாஸ் என்கின்ற பெயரை 1821ல் உண்டாக்கியவர் கார்டான் என்ற பிரெஞ்சு டாக்டர். அதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துக்குப் பின்னும் அங்கே அறிவு முழுதும் தெளியவில்லை. 1966ல் வில்சன் என்ற அமெரிக்க டாக்டர், மாதவிடாய் நின்ற பெண் குறைபட்ட பிண்டம் என்றும், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தின்றால் என்றும் இளமையாக இருக்கலாமென்றும் ஒரு புத்தகம் எழுதினார். அது இலட்சக்கணக்கில் விற்றது. அவர் நடத்திய ஸ்தாபனத்திற்கு மருந்துக் கம்பெனிகள் பணம் கொடுத்தது பிறகுதான் வெளிவந்தது. அந்த மாத்திரையைத் தனியாகத் தின்ற பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உள்தோலில் புற்றுநோய் கூடுகின்றதென்பது 1975ல் தெரிந்தது. நம் ஊர்க் குறிகாரனுக்கு அங்கே கோட்டும் சூட்டும் போட்டிருந்தார்கள் என்பதைத் தவிர வேறு வித்தியாசமென்ன?

ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. விஞ்ஞானம் தன் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளுகின்றது. கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் புற்றுநோய் அபாயம் நீங்குகின்றதென்று கண்டார்கள். பிறகு 16,608 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனை 2002ல் பாதியில் நிறுத்தப்பட்டது. மார்புப் புற்றுநோய் 26 சதவிகிதம் கூடிவிட்டதென்று பத்திரிகைகள் அலறின. உலகம் முழுதும் பெண்கள் பயந்து மாத்திரையை வீசிவிட்டார்கள். இந்த 26 சதவிகிதம் என்பது என்ன? வருஷத்திற்கு 10,000 பேரில் 30 பேருக்கு வருவது 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேர் கூடுதல். எட்டுப் பேரும் மனிதர்கள்தான், அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் அந்தச் சோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. ஐம்பதில் இருக்கின்றவளுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாதென்பது பின்னால் விளங்கிற்று. 2025 நவம்பரில் அமெரிக்காவின் மருந்து நிர்வாக இலாகாவே, அம்மருந்துகளின்மேல் ஒட்டியிருந்த கடுமையான எச்சரிக்கையில் பெரும்பகுதியை எடுத்துவிடுவதாக அறிவித்திருக்கின்றது.

ஆகவே இன்றைய நிலைமை இது. அறுபது வயதுக்குட்பட்டு, மாதவிடாய் நின்று பத்து வருஷம் ஆகாத ஆரோக்கியமான பெண்ணுக்குச் சூடு பொறுக்க முடியாமலிருந்தால், சுரப்பு மருந்துதான் எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது. ஆனால் மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்களுக்கும், இரத்தம் உறையும் வியாதி உள்ளவர்களுக்கும், கடுமையான ஈரல் வியாதி உள்ளவர்களுக்கும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் அது கூடாது. அவர்களுக்கு, மனச்சோர்வுக்குக் கொடுக்கின்ற சில மருந்துகள் குறைந்த அளவில் பயன்படுகின்றன. முன் சொன்ன நரம்பணுக்களின் தூண்டுதலையே தடுக்கின்ற ஃபெசோலினெடன்ட் என்ற புது மருந்துக்கு 2023 மே மாதத்தில் அமெரிக்கா அனுமதி கொடுத்திருக்கின்றது. அதைச் சாப்பிடுகின்றவர்கள் ஈரல் கெடாமலிருக்கின்றதா என்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இவற்றில் எதையும் கடையில் போய்த் தானாக வாங்கித் தின்பது தற்கொலைக்குச் சமானம். டாக்டரிடம் தன் உடலின் சரித்திரம் முழுதையும் சொல்லிவிட்டுக் கேட்கவேண்டும்.

மருந்தில்லாமல் செய்யக்கூடியவை இல்லையா என்றால் உண்டு. இந்தச் சூட்டைக் கண்டு பயப்படுகின்ற எண்ணங்களைப் பேச்சினாலும் பயிற்சியினாலும் மாற்றிக்கொள்ளுகின்ற மனோதத்துவ முறை ஒன்றுக்கு நல்ல சாட்சியம் இருக்கின்றது. "இது என்ன, எவ்வளவு நேரம் இருக்கும், இதனால் சாவு வராது" என்று தெரிந்துகொள்வதே அதில் முதற்பாடம். உடல் பருத்தவர்கள் எடையைக் குறைத்தால் பலருக்குக் குறைகின்றது. பீடி, சிகரெட் புகை கெடுதி செய்கின்றது; புருஷன் விடுகின்ற புகையும் புகைதான். பருத்தித் துணி, மெல்லிய போர்வை, படுக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு, காற்றாடி இவை வியாதியைத் தீர்க்காவிட்டாலும் அந்த ஐந்து நிமிஷத்தைச் சுகமாகக் கடக்க உதவும். சூடான காப்பியோ, காரமோ தனக்கு ஆகவில்லை என்று ஒருத்தி தானே கவனித்தறிந்தால் விட்டுவிடட்டும். அதற்காக மாம்பழம் சூடு, கோழி சூடு என்று ஊரார் போடுகின்ற பட்டியலைக் கேட்டு, சத்துள்ள ஆகாரத்தையெல்லாம் நிறுத்திவிட்டு வற்றிப் போகவேண்டியதில்லை. இந்த வயதில் எலும்பு வேகமாகத் தேய்வதால் கேழ்வரகு, பால், நெத்திலி மீன், பருப்பு, கீரை இவையும், வெய்யிலில் நடையும் முன்னைவிட அதிகமாக வேண்டும்.

இதிலே ஒரு எச்சரிக்கை. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு எது வந்தாலும் "நிற்கப் போகிறது, அதனால்தான்" என்று சொல்லிவிடுவதும் ஒரு மூடநம்பிக்கையே. சாயங்காலந்தோறும் காய்ச்சல், இருமல், உடம்பு இளைப்பு என்றால் காசநோயா என்று பார்க்க வேண்டும். தைராய்டுக் கோளாறிலும் வியர்வையும் படபடப்பும் வரும். நெஞ்சு வலியை "சூடு" என்று தள்ளக்கூடாது. இரத்தம் அளவுக்குமேல் கொட்டுவது சாதாரணமல்ல. நின்று பன்னிரண்டு மாதமான பிறகு ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் புற்றுநோய்தானா என்று உடனே சோதிக்க வேண்டும். வெட்கப்பட்டு ஆறு மாதம் மறைத்து வைத்து, பிறகு பிணமாகத் தூக்கிய வீடுகளை நாம் அறிவோம்.

இனிக் கத்தியின் விஷயம். கர்ப்பப்பை என்பது பிள்ளை தங்குகின்ற இடம். சூடு வருவது மூளையின் உத்தரவினால், சினைப்பையின் சுரப்புக் குறைவினால். அப்படியிருக்க, கர்ப்பப்பையை எடுத்தால் சூடு எப்படி நிற்கும்? கூரை ஒழுகுகின்றதென்று கொல்லைக் கதவைக் கழற்றினவன் கதைதான். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டாலோ, மெதுவாக வற்றவேண்டிய சுரப்பு ஒரே நாளில் நின்று, சூடு முன்னைவிடப் பலமாக வரும். எலும்பும் இருதயமும் கெடும். புற்றுநோய், அடங்காத இரத்தப்போக்கு, தொல்லை தருகின்ற பெரிய கட்டி முதலிய தக்க காரணங்களுக்கு இந்த ஆப்பரேஷன் உயிர் காப்பது. அதை நாம் மறுக்கவில்லை. காரணமின்றிச் செய்வதைத்தான் கண்டிக்கின்றோம்.

இது நம் கற்பனை அல்ல. மகாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டப் போகின்ற பெண்களில், வேலைக்கு ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுவான் என்பதற்காகவே கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் ஏராளமென்பது 2019ல் அம்பலமாயிற்று. விசாரித்த 82,000 பேருக்கு மேற்பட்ட பெண்களில் 13,000 பேருக்குமேல் கர்ப்பப்பை இல்லை! காரணமில்லாத இந்த ஆப்பரேஷன்களைத் தடுக்க மத்திய சர்க்கார் 2022ல் விதிகள் வகுத்தது. அவற்றை மாகாணங்களெல்லாம் மூன்று மாதத்தில் அமுலுக்குக் கொண்டுவர வேண்டுமென்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆகவே எந்தத் தோழராவது இப்படியொரு யோசனையைக் கேட்டால், "என்ன காரணத்துக்காக? வேறு வைத்தியம் என்ன? சினைப்பையை வைப்பீர்களா, எடுப்பீர்களா?" என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். எழுத்தில் வாங்கிக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரிடம் காட்ட வேண்டும். திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரி இருக்கின்றது. அங்கே போக பஸ் சத்தந்தான் செலவு.

நம் நாடு சுதந்திரமடைந்த காலத்தில் இந்நாட்டாரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 வருஷம். மாதவிடாய் நிற்கின்ற வயதை எட்டாமலே ஏராளமான பெண்கள் செத்துப்போனார்கள். இன்றோ பெண்ணின் சராசரி ஆயுள் எழுபதுக்கு மேல். நின்ற பிறகு இருபது, முப்பது வருஷம் அவள் வாழப்போகின்றாள். ஆனால் வைத்திய ஏற்பாடுகளெல்லாம் பெரும்பாலும் அவள் பிள்ளை பெறுவதோடு முடிந்து போகின்றன. பிரசவத்திற்குப் பணம் உண்டு, ஊசி உண்டு, பெட்டகம் உண்டு, நல்லதுதான். பெண் என்றால் பிள்ளை பெறும் இயந்திரம், வேலை முடிந்தால் பரணில் போடு என்ற பழைய எண்ணம் சர்க்கார் கணக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கலாமா? 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வருகின்றார்கள். வருகின்றவர்கள் நாற்பதைத் தாண்டிய பெண்ணிடம், "அம்மா, இரவில் தூக்கம் வருகிறதா? சூடு வருகிறதா?" என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்பதற்கு என்ன செலவாகிவிடும்? அதை ஏற்பாடு செய்யவேண்டுமென்று நாம் கேட்டுக்கொள்ளுகின்றோம்.

வேலை வாங்குகின்ற முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கடைகளில் நாள் முழுதும் நிற்க வைக்கப்பட்ட சிப்பந்திகளுக்கு உட்கார இருக்கை கொடுத்தே தீரவேண்டுமென்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. மனிதன் உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்தது நமக்கு வெட்கம், வந்தவரையில் சந்தோஷம். அந்த இருக்கையைப் பெயருக்கு ஒரு மூலையில் போட்டு வைக்காமல், ஐம்பது வயதுப் பெண் வியர்த்துத் திணறும்போது ஐந்து நிமிஷம் காற்றாடிக்குக் கீழே உட்காரட்டும் என்று விடுங்கள். தகரக் கொட்டகைப் பட்டறையிலும், கட்டட வேலையிலும், நாற்றங்காலிலும் இருக்கின்ற பெண்களுக்கு நிழலும் தண்ணீரும் மறைவிடமும் கொடுங்கள். அது தர்மமல்ல, அவர்கள் உழைப்பின் பாக்கி.

"இந்த அசிங்கத்தையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா?" என்று சில கனவான்கள் நம்மைக் கேட்கக்கூடும். பெண்ணின் பருவமடைதலை ஒலிபெருக்கி வைத்துப் பந்தல் போட்டுச் சடங்கு நடத்தி ஊருக்கெல்லாம் அறிவித்து மொய் வாங்குகின்றவர்கள், அது நிற்பதைப் பற்றிப் பேசுவது அசிங்கமென்று சொல்லுவதற்கு என்ன யோக்கியதை இருக்கின்றது? பேசாமலிருந்ததனால்தான் குறிகாரன் பிழைக்கின்றான். பேசாமலிருந்ததனால்தான் தேவையில்லாத கத்திக்குக் கழுத்துச் சங்கிலி அடகு போகின்றது.

நம் திருவெறும்பூர்த் தோழர் சங்கிலியை அடகு வைக்கவில்லை. ஆப்பரேஷன் நாளையும் தள்ளிவிட்டுச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். கர்ப்பப்பையில் கோளாறு ஒன்றுமில்லை, இரத்தம் மாத்திரம் குறைவாக இருக்கின்றதென்று சொல்லி அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். சூட்டுக்கு இருக்கின்ற வழிகளையும் விளக்கினார்கள். அந்த அம்மையார், "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், பொறுக்க முடியாதபோது வருகிறேன்" என்று தாமே முடிவு செய்தார். அவர் முடிவு அவருடையது. இப்போதும் சூடு வருகின்றது. ஆனால் இப்போது யாரும் கயிறு கட்டுவதில்லை. மகன் தன் படுக்கைப் பக்கமிருந்த காற்றாடியை அம்மாவின் பக்கம் மாற்றி வைத்துவிட்டான். காலை அடுப்பைத் தோழரே மூட்டுகின்றாராம். எல்லாவற்றையும்விட நமக்கு ஆச்சரியமானது, மாமியார் மருமகளிடம், "எனக்கும் அந்த வயசுல இப்படித்தான் இருந்துச்சு, யார்கிட்டடி சொல்றது" என்று சொல்லியிருக்கின்றார் என்பதேயாகும். செய்வினை என்று சொன்ன அதே வாய்! முப்பது வருஷம் அந்தத் தாயார் அடக்கி வைத்திருந்த வார்த்தை அது.

ஆகவே தோழர்களே! மேடையில் பெண் விடுதலை பேசுகின்ற நாம் இன்றிரவு வீட்டுக்குப் போய், தாயிடமோ, தமக்கையிடமோ, மனைவியிடமோ, "தூக்கம் வருகின்றதா?" என்று கேட்போமாக. பதில் சொல்லுவதற்கு அவர்கள் வெட்கப்பட்டால் அது நாம் உண்டாக்கிய வெட்கம். பொறுமையாக இருந்து கேட்போமாக. கேட்டுவிட்டு, முதலில் எழுந்து ஜன்னலைத் திறப்போமாக.